சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன் புதுசாக ஸ்ட்ரீமிங்கில் திரும்பி வந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

எனக்கு அந்தக் கார்ட்டூன் டோரா: புஜ்ஜி என்ற குரங்கோடு காடு மலை சுற்றுகிற ஒரு சிறுமி, நடுவில் திருட வருகிற ஒரு குள்ளநரி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏமாற்றம்தான். ஆனால் எல்லாரும் சொல்கிற காரணத்துக்காக இல்லை.

2000-ல் அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனலில் தொடங்கிய தொடர் அது. நம் ஊருக்குச் சுட்டி டிவி வழியாகத் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. 2024 ஏப்ரலில் அதையே புதிதாக எடுத்து பாரமவுண்ட் பிளஸ்ஸில் விட்டார்கள். பழைய டோரா காகிதத்தில் வரைந்து ஒட்டியது போலத் தட்டையாக இருப்பாள். புதியவள் முழுக்க த்ரீடி. முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடுகிறது.

டிரெய்லர் வந்த அன்றைக்கு எங்கள் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் நடந்த ஒப்பாரியை இங்கே அப்படியே போட முடியாது. "லேய், புஜ்ஜிக்கு இது என்ன ரோமம், தெருநாய் மாதிரி?" என்றான் ஒருவன். "இந்தக் குள்ளநரியப் பாத்தா தூக்கிக் கொஞ்சணும் போல இருக்கு, இவனா திருடப் போறான்?" என்றாள் இன்னொருத்தி. நானும் என் பங்குக்கு அழுகிற பொம்மை நாலு போட்டேன். இதில் ஒருவரும் டோராவைக் கடைசியாகப் பார்த்துப் பத்து வருடத்துக்குக் குறையாது. இருந்தாலும் அவளைத் தொட்டால் கோபம் வருகிறது.

இந்தக் கோபம் நமக்கு மட்டும் வருவதும் இல்லை. 2009-ல் டோராவை வளர்ந்த பெண்ணாக ஆக்கி ஒரு பொம்மை கொண்டுவரப் போகிறோம் என்று சொல்லி, முகம்கூடக் காட்டாமல் வெறும் நிழலுருவத்தை வெளியிட்டார்கள். அந்த நிழலுக்கே அமெரிக்கப் பெற்றோர்கள் கொதித்தெழுந்தார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கம். 2006 தேர்தலுக்குப் பிறகு கொடுத்தார்களே இலவசக் கலர் டிவி, பதினாலு அங்குலம், அதுதான் எங்கள் வீட்டின் முதல் டிவி. 2007-ல் சுட்டி டிவி தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. எட்டு வயதுப் பையனுக்கு டோரா கொஞ்சம் பிந்திப்போன சரக்குதான், ஒத்துக்கொள்கிறேன். வகுப்பில் கேட்டால் ஜாக்கி சான் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வேன். அதையும் பார்த்தேன்தான். ஆனால் டோராவுக்கும் உட்கார்ந்திருந்தேன். பதின்மூன்று வயது அக்கா, "சின்னப் பிள்ளையள் பாக்குறது" என்று சொல்லிக்கொண்டே கதவு நிலையில் சாய்ந்து நின்று முழுசாகப் பார்ப்பாள்.

அம்மா அப்போது அண்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெளியூர்க்காரர்களுக்காக: முந்திரிப் பருப்பு உடைக்கிற ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கொட்டையின் பால் பட்டு அம்மாவின் விரல் நுனிகள் எப்போதும் கறுத்து, தோல் உரிந்து இருக்கும். லீவு நாளில் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு அறுத்துக்கொண்டிருப்பாள். அவள் டோராவைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை.

டோரா நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். "மலை எங்கே இருக்கு? உங்களுக்குத் தெரியுதா?" மலை அவளுக்குப் பின்னாடியே நிற்கும். பிறகு கண்ணைக் கொட்டிக்கொண்டு சும்மா நிற்பாள். அந்த மௌனம் எங்கள் வீட்டில் சும்மா போனதே இல்லை. குக்கர் விசில் அடிக்கும், கோழி கத்தும், நான் "பின்னாடி!" என்று கூவுவேன், அக்கா "கத்தாதல" என்பாள். அப்புறம் குள்ளநரி வருவான். முகமூடி போட்டுக்கொண்டு புதருக்குள் பதுங்கி வருவான். மூன்று தடவை சொல்ல வேண்டும்: குள்ளநரி திருடக் கூடாது, குள்ளநரி திருடக் கூடாது, குள்ளநரி திருடக் கூடாது. (ஆங்கிலத்தில் அவன் பெயர் ஸ்வைப்பர், அதாவது சுருட்டுகிறவன்; இனம் வெறும் நரி. தமிழில் எழுதிய யாரோ ஒரு புண்ணியவான் அவனைக் குள்ளநரியாக்கினார். அந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு விருது கொடுத்திருக்கலாம்.)

இந்தப் புண்ணியவானின் பெயரோ, டோராவுக்குப் பேசிய அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியின் பெயரோ எங்கள் டிவியில் ஒருநாளும் வந்து நான் பார்த்ததில்லை. இதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நான் வேலை பார்ப்பது திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில். எங்கள் ஊரில் பாதிப்பேர் அங்கேதான், காலையில் ரயிலைப் பிடித்து ஓடுகிற கூட்டம். புதிய டோரா பேச்சு அங்கே சாப்பாட்டு மேசைக்கும் வந்தது. மலையாளப் பையன் ஒருவன் என் தோசையை எடுக்கக் கை நீட்டினான். பக்கத்திலிருந்த பெண் பாடம் ஒப்பிப்பது போல "குறுநரி மோஷ்டிக்கருது!" என்றாள். நான் விட்டேன், "குள்ளநரி திருடக் கூடாது" என்று. மேசையே இரண்டாகப் பிரிந்துவிட்டது. அவர்களுக்கு டோரா கொச்சு டிவியில் வந்தவள். அவர்களுக்கும் குரங்கு புஜ்ஜிதான். எது அசல் என்று சண்டை. சுட்டி டிவி 2007, கொச்சு டிவி 2011, ஆகவே நாங்கள்தான் மூத்தவர்கள் என்று நான் அடித்துப் பேசினேன். எல்லையோரத்துக்காரனுக்கு இந்த மாதிரிச் சண்டையில் தனி ருசி உண்டு. என் சித்தி மகன் கேரளப் பக்கம் பாறசாலையில் வளர்ந்தவன், அவன் கொச்சு டிவி பார்ட்டி. லீவுக்கு வந்தால் இரண்டு பேரும் ஒரே கார்ட்டூனுக்கு இரண்டு பாஷையில் ரிமோட்டுக்கு அடித்துக்கொள்வோம்.

அப்போது டில்லிக்காரர் ஒருவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "ரெண்டுமே டப்பிங்தானே?"

மேசை அடங்கிவிட்டது. உண்மைதானே. அசல் டோரா லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துச் சிறுமி. ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழி சொல்லிக்கொடுக்க வந்தவள். எங்களுக்கு வந்தவள் தமிழில் பேசி, நடுநடுவே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு ஸ்பானியம் எதற்கு, இங்கிலீஷ்தானே தேவை என்று யாரோ இங்கே உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்கிறார்கள். நல்ல முடிவு. ஆக, "அசலைக் கெடுத்துட்டாங்க" என்று வாட்ஸப்பில் அழுத நாங்கள் ஒருவரும் அசலைப் பார்த்ததே இல்லை. நாங்கள் பார்த்ததே நமக்காக மாற்றி எடுத்ததைத்தான்.

இது எனக்கு உறைத்தது போன கிறிஸ்துமஸுக்கு. அக்கா இப்போது டெக்சாஸில் நர்ஸ். ஐந்து வயது மகளோடு ஊருக்கு வந்திருந்தாள். வீட்டில் அம்மா முந்திரிக்கொத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருக்கிறாள், அக்கா மகள், அதாவது என் மருமகள், திண்ணையில் ஐபேடை வைத்துக்கொண்டு, அங்கேயே இறக்கி எடுத்து வந்த புதிய டோராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நேர்மையாகச் சொன்னால், நன்றாகவே இருக்கிறது. காடு அவ்வளவு பச்சை, திற்பரப்புக்கு மேலே ஏறிப்போனால் வருமே அந்தப் பச்சை. கதை ஒன்று பதினொரு நிமிடம்தான். பழையது விளம்பரத்தோடு அரை மணி நேரம் ஓடும், ஒரு கிழங்கு முழுக்க அறுத்து முடித்துவிடலாம். இது எனக்குக் கொஞ்சம் ஓட்டமாகத் தெரிந்தது. மருமகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்கிறாள், எழுந்து குதிக்கச் சொன்னால் குதிக்கிறாள். அவளுக்கு இதுதான் டோரா.

அம்மா மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது ஆருக்க மோளு?"

"டோராம்மா. பண்டு நாங்க பாப்போமே."

"அது இவ இல்லியே. இவ என்னவாக்கும் பேசுதா?"

"இங்கிலீஷ். நடுவுல ஸ்பானிஷ்."

"அவ நல்லா தமிழ்லல்லா பேசுவா," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி கொஞ்சம் தேடிப் படித்தேன். புதிய தொடரில் டோராவின் அம்மாவுக்குக் குரல் கொடுத்திருப்பவர் காத்லீன் ஹெர்லெஸ். 2000-ல், சிறுமியாக இருந்தபோது, முதல் டோராவாகப் பேசியவர் இவர்தான். அன்றைக்கு மகளாகப் பேசியவள் இன்றைக்கு அம்மாவாகப் பேசுகிறாள். இந்தச் செய்தி வந்ததும் அங்கே பழைய ரசிகர்கள் உருகிப்போயிருக்கிறார்கள், நியாயம்தானே. அக்காவிடம் சொன்னேன். "ஓ, கொள்ளாமே," என்றாள். அவ்வளவுதான். எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் குரலை நாங்கள் கேட்டதே இல்லையே.

அப்புறம்தான் யோசித்தேன். அந்தத் தமிழ்ப் பெண்ணை யாராவது தேடிப் பிடித்து, அம்மா வேடத்துக்குப் பேச வைத்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்? திண்ணையிலேயே அழுதிருப்பேன். முகம் த்ரீடியானால் என்ன, புஜ்ஜிக்கு ரோமம் முளைத்தால் என்ன. எனக்குப் போனது முகம் இல்லை, அந்தக் குரல். அமெரிக்காக்காரனுக்கு அவன் பிள்ளைப் பருவத்தைத் திருப்பிக் கொடுக்க நினைத்தால் கூப்பிட ஒரு பெயர் இருந்தது. நம்முடையதைத் திருப்பிக் கொடுக்க நினைத்தாலும் யாரைக் கூப்பிடுவது? பெயர் போட ஒரு வரிகூட மிச்சம் வைக்காத டப்பிங் உலகத்தின் மேல்தான் என் வருத்தமெல்லாம். பாரமவுண்ட்காரன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

இரண்டு நாள் கழித்து எல்லாருமாக மாத்தூர் தொட்டிப்பாலம் போனோம். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டிய பாலம், 115 அடி உயரம், கீழே பறளியாறு. மருமகளுக்கு அது முழுக்க டோரா கதை. பாலத்துக்கடியில் விடுகதை போடுகிற சிடுமூஞ்சிக் கிழவன் இருக்கிறானா என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எக்கி எக்கிப் பார்த்தாள். அக்காவுக்கு உயிரே போய்விட்டது, ஃபிராக்கைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

பாலத்து வாசலில் அன்னாசிப் பழத்தை நீளநீளமாக வெட்டி மிளகாய்ப்பொடி உப்புத் தூவிக் கொடுப்பார்கள். மருமகளுக்கு மிளகாய்ப்பொடி இல்லாமல் வாங்கி, இலையோடு திண்டில் வைத்துவிட்டு அக்கா கைக்குட்டை தேடினாள். எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு வந்தது. தாடியும் ஒரு ஒடிந்த கொம்புமாக, இந்த வேலையில் நல்ல அனுபவசாலி என்று பார்த்தாலே தெரிந்தது. அவசரமே இல்லாமல் திண்டில் முன்னங்காலை வைத்து, முதல் துண்டை வாயில் கவ்வியது.

மருமகள் உறைந்து நின்றாள். உதடு பிதுங்கி அழுகைக்குத் தயாரானது. நானும் அக்காவும் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல்:

"குள்ளநரி திருடக் கூடாது! குள்ளநரி திருடக் கூடாது! குள்ளநரி திருடக் கூடாது!"

அம்மா. கையில் செருப்போடு நிற்கிறாள். சொன்ன ராகம் அச்சு அசலாக அதே ராகம், "கூடாது"வில் கடைசியில் ஒரு சின்ன ஏற்றம் வருமே, அது உட்பட. டிவிக்கு முதுகைக் காட்டிக் கிழங்கு அறுத்த மனுஷி. அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். ஆட்டுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது, இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டுதான் போனது. அன்னாசிக்காரர் சிரித்து, இரண்டு துண்டு சும்மா கொடுத்தார்.

"சொல்லு பாட்டி, இன்னொரு தடவை சொல்லு," என்று மருமகள் வழியெல்லாம் பிடித்துக்கொண்டாள். வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்கே மனப்பாடமாகிவிட்டது. ளகரம் மட்டும் வரவில்லை, "குல்லநரி."

இப்போது ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ராத்திரி ஏழரைக்கு வீடியோ கால் வரும், அவர்களுக்கு அப்போது காலை. ஐபேடில் புதிய டோரா ஓடும். குள்ளநரி புதருக்குள் வந்ததும் மருமகள் சத்தத்தை மியூட் பண்ணிவிட்டு, போனைத் திரைக்கு நேராகப் பிடிப்பாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தயாராக இருப்பாள். மூன்று தடவை சொல்ல வேண்டும். போன வாரம் இருமல் வந்து இரண்டோடு நிறுத்திவிட்டாள். பிள்ளை விடவில்லை, முதலிலிருந்து ஓட்டினாள்.