ஆயுத பூஜை விடுமுறைக்குக் காரில் கிளம்புகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

கேள்வி: ஆயுத பூஜையை ஒட்டி சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள் விடுமுறை. சொந்தக் காரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளோடு கிளம்புகிறோம். பிச்சாவரம், சிதம்பரம், தரங்கம்பாடி, செஞ்சி, ஆரோவில், புதுச்சேரி, மாமல்லபுரம் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். எல்லாம் முடியுமா? எங்கே அறை எடுப்பது? (வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

பதில்: முடியாது. செஞ்சியை முதலில் எடுத்துவிடுங்கள். அங்கே ராஜகிரி மலைக்கோட்டை ஏறி இறங்க அரை நாள் போய்விடும். பெரியவர்கள் கீழேயே உட்கார்ந்திருக்க வேண்டிவரும். மற்றதையெல்லாம் தூரத்தைப் பார்த்து அடுக்காதீர்கள், எது எத்தனை மணிக்கு மூடுகிறது என்று பார்த்து அடுக்குங்கள். இந்தப் பக்கத்துக் கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். 12 மணிக்குப் போய் நின்றால் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை தெற்கே போங்கள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் பிச்சாவரம். அங்கே விசைப்படகு அகலமான கால்வாய்களில்தான் போகும். சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கும் குறுகலான வழிக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். அதைப் பார்க்கத்தானே போகிறீர்கள், அதனால் துடுப்புப் படகையே கேளுங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்பதைச் சீட்டு வாங்கும்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பாதி வழியில் "உள்ளே போகணும்னா தனியா குடுங்க" என்ற பேச்சு வந்தால் பதில் சொல்ல அது உதவும். பத்தரைக்குக் கரையேறினால் நடை சாத்தும் முன் சிதம்பரத்தில் தரிசனம். மதியச் சாப்பாட்டில் கத்தரிக்காய் கொத்சு கிடைத்தால் விடாதீர்கள். தெம்பு இருந்தால் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை அங்கே இருக்கிறது. இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். சிதம்பரம் சாலையில் கொத்தட்டை சுங்கச்சாவடி இருக்கிறது. ஃபாஸ்டேக்கில் பணம் இல்லாமல் போனால் யுபிஐ-யில் ஒன்றேகால் மடங்கு கட்ட வேண்டிவரும்.

ஞாயிறு விடியற்காலையில் நேராக மாமல்லபுரம். அறை அங்கே ஓர் இரவுக்கு மட்டும் போதும். புதுச்சேரி உங்கள் வீட்டிலிருந்து 22 கிலோமீட்டர்தான். விடுமுறை நாள் வாடகையைக் கொடுத்து அங்கே தங்குவது வீண் செலவு. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே 40 ரூபாய்ச் சீட்டுதான், முதல் இடத்திலேயே கசக்கி எறிந்துவிடாதீர்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம். சிலை வாங்கும் எண்ணம் இருந்தால் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்து, கடைக்காரர் அனுமதியோடு நகத்தால் கீறுங்கள். கீறல் விழுந்தால் மாக்கல். கருங்கல்லில் கத்தி முனைகூடத் தடம் பதிக்காது. பக்கவாட்டில் மெல்லிய கோடு ஓடி, ஒரே முகம் பத்துச் சிலைகளில் அச்சாக இருந்தால் அது அச்சில் வார்த்தது. அதற்குச் செதுக்குக்கூலி கொடுக்காதீர்கள்.

திங்கள் திரும்பும் வழியில் கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. நிழல் கிடையாது, காலை எட்டு மணிக்குள் என்றால் இறங்கலாம். ஆரோவிலில் மாத்ரி மந்திரை (தங்க நிற உருண்டை வடிவத் தியான மண்டபம்) வெளியிலிருந்து பார்க்க இலவச அனுமதிச்சீட்டு, சுமார் ஒரு கிலோமீட்டர் நடை. உள்ளே போவதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். புதுச்சேரி அருங்காட்சியகம் திங்களன்று மூடியிருக்கும், அதை மறந்துவிடுங்கள். மணக்குள விநாயகர் கோயில் 4 மணிக்குத் திறக்கும். 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு நடப்பதற்கு அதுதான் நேரம். ஞாயிறு மாலை புதுச்சேரியைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம், அன்று காந்தி வீதி முழுக்க சண்டே மார்க்கெட்.

ஒன்று கவனம்: வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். எந்தத் தேதி வரை அறையை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும் என்பதைப் பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள். 500 ரூபாய் குறைவு என்பதற்காக, பணம் திரும்பாத அறையை மழைக்காலத்தில் எடுக்கவே கூடாது.

கேள்வி: பண்ருட்டி வழியாக வரும்போது சாலையோரக் கடைகளில் முந்திரி ஒவ்வொரு கடையில் ஒவ்வொரு விலை. ஏமாறாமல் வாங்குவது எப்படி? (வாசகி, நெல்லிக்குப்பம்)

பதில்: விலை மாறுவதற்குப் பாதிக் காரணம் ரகம். முழுப் பருப்பை, ஒரு பவுண்டுக்கு (454 கிராம்) எத்தனை பருப்பு நிற்கிறது என்ற எண்ணால் பிரிக்கிறார்கள். எண் கூடக் கூடப் பருப்பு சிறிது, விலையும் குறைவு. கடையில் பவுண்டு கணக்குப் போட முடியாது. 100 கிராம் நிறுத்து எண்ணுங்கள். 37 முதல் 40 வரை இருந்தால் டபிள்யூ 180, ஐம்பதை ஒட்டி இருந்தால் டபிள்யூ 240, 66 முதல் 70 என்றால் டபிள்யூ 320. "240 ரகம்" என்று சொல்லி 65 பருப்பு நின்றால் பேரத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

ஆனால் பாயசத்துக்கும் குருமாவுக்கும் எதற்கு முழுப் பருப்பு? பாதியாகப் பிளந்ததோ உடைசலோ வாங்குங்கள், ருசி ஒன்றுதான். லேசாகப் பழுப்பேறிய பருப்பும் சூடு கொஞ்சம் கூடியதால் நிறம் மாறியதுதான், மலிவாகக் கிடைத்தால் எடுக்கலாம். எண்ணெய் போலக் கருங்கறை படிந்தது மட்டும் வேண்டாம். அது கொட்டையின் ஓட்டிலுள்ள பால் பட்டது, வாய் புண்ணாகும்.

இங்கே அறுவடை மார்ச் முதல் மே வரை. அக்டோபரில் விற்பது இருப்புச் சரக்கு. ஒன்றைக் கடித்துப் பாருங்கள்: மொறுக்கென்று உடைய வேண்டும். வளைந்து சவசவவென்றால் ஈரம் ஏறியிருக்கிறது. சிக்கு வாடை மூக்கில் தெரிந்தாலோ, பொட்டலத்தின் அடியில் மாவு போல் தூள் இருந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பொட்டலமாக வாங்கினால் எடை, எம்ஆர்பி, கட்டிய மாதம், கட்டியவர் முகவரி நான்கும் அச்சாகியிருக்க வேண்டும். உதிரியாக வாங்கினால் டப்பாவின் எடையைக் கழித்து நிறுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, "பண்ருட்டி முந்திரி" என்ற பலகையைப் பார்த்து இந்த மண்ணில் விளைந்தது என்று நினைக்க வேண்டாம். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டைகளும் இங்கே உடைபடுகின்றன. நாட்டுச் சரக்குதான் வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: போன மாதம் ஒரு சுற்றுலா ஊரில் 4,000 ரூபாய் அறைக்கு 12 சதவீத ஜிஎஸ்டி போட்டார்கள். சாப்பாட்டு பில்லில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ். 20 ரூபாய்த் தண்ணீர் பாட்டில் 40. மூன்றும் சரியா? (வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: முதலாவது தவறு. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம்தான். 200 ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் 480 கட்டியிருக்கிறீர்கள். பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-லும், புதுச்சேரி என்றால் 34-லும் தொடங்கும். எண்ணே இல்லாத பில்லில் ஜிஎஸ்டி வாங்க முடியாது.

சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்பது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறை. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பணம் கட்டும் முன் நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் பக்கம் வலு குறைவு. உட்கார வைத்துப் பரிமாறும் ஹோட்டல் எம்ஆர்பி-க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கடையில் வாங்கியிருந்தால் மட்டும் புகார் நிற்கும்.

கேள்வி: பெட்ரோல் போட புதுச்சேரி போவது லாபமா? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: போகிற வழியில் நிரப்பினால் லாபம், அங்கே வரி குறைவு. அதற்காகவே போனால் நஷ்டம். லிட்டருக்கு 5 ரூபாய் மிச்சம் என்று வைத்தாலும் 35 லிட்டருக்கு 175. போய்வர 44 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் எரியும், அதன் விலையே அந்த 175-ஐத் தாண்டிவிடும். அளவில் சந்தேகம் இருந்தால் பங்க்கில் உள்ள 5 லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். 25 மில்லி வரை ஏற்ற இறக்கம் இருக்கலாம். திரும்பும்போது டிக்கியில் புதுச்சேரி மதுபாட்டில் இருந்தால் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் வழக்கோடு காரும் பறிமுதலாகும்.