இழுத்தடிப்பது எதற்காக? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப் போரில் போய் முடிந்த 1914 ஜூலை நெருக்கடி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அத்தனை தூதர்கள், அத்தனை தந்திகள், எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்த மன்னர்களோ ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள். இருந்தும் போர் வந்தது. ராஜதந்திரம் என்பது எதையாவது உண்மையிலேயே தடுத்திருக்கிறதா? படைபலம் உள்ளவன் முடிவெடுத்துவிடுகிறான், மற்றவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இழுத்தடிக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வலியவன் முடிந்ததைச் செய்வான், எளியவன் பட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று பண்டைய கிரேக்கத்தில் ஏதென்ஸ் தூதர்கள் மெலோஸ் தீவுக்காரர்களிடம் அன்றே சொல்லிவிட்டார்கள். ஐ.நா. சபையும் அதைத்தான் நிரூபிக்கிறது. இன்னொரு சின்னக் கேள்வி: உறவை முறித்துத் தூதரகத்தை மூடிவிட்ட நாடுகள் அப்புறம் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இழுத்தடிக்கிறார்கள் என்பதைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். ராஜதந்திரத்தின் முக்கால்வாசி வேலை அதுதான். 1914இல் நடக்காமல் போனதும் அதுதான். ஆஸ்திரியா-ஹங்கேரி ஜூலை 23 மாலை செர்பியாவிடம் கொடுத்த கோரிக்கைகளுக்கு 48 மணி நேரம்தான் கெடு. மறுக்கட்டும் என்றே எழுதப்பட்ட கோரிக்கைகள் அவை, இருந்தும் செர்பியா பெரும்பாலானவற்றுக்கு இறங்கி வந்தது. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே நான்கு நாடுகள் கூடிப் பேசலாம் என்றார், ஜெர்மனி ஒப்புக்கொள்ளவில்லை. செர்பியாவின் பதிலை ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் 28ஆம் தேதி காலையில்தான் படித்தார். படித்துவிட்டு, இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று எழுதிவைத்தார். அதே நாளில் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா தந்தி அடித்துப் போரை அறிவித்துவிட்டது. தந்திகளுக்குப் பஞ்சமில்லை, உண்மைதான். அவற்றைப் படித்து, யோசித்து, மனம் மாற யாருக்கும் நேரம் கொடுக்கப்படவில்லை.

இதோடு 1962 அக்டோபரை வைத்துப் பாருங்கள். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது 16ஆம் தேதி அமெரிக்க அதிபர் கென்னடிக்குத் தெரியவருகிறது. அன்றைக்கே முடிவெடுத்தாக வேண்டும் என்றிருந்தால் பெரும்பாலும் விமானத் தாக்குதல் என்றுதான் முடிவாகியிருக்கும், ராணுவத் தளபதிகள் கேட்டதும் அதைத்தான். தீவில் ஏறக்குறைய 40,000 சோவியத் வீரர்கள் இருந்ததோ, போர்க்களத்தில் பயன்படுத்தும் சிறிய அணு ஆயுதங்கள் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்ததோ வாஷிங்டனுக்கு அப்போது தெரியாது. தாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. தாக்கவில்லை. ஆறு நாள் ரகசியமாக விவாதித்து, கடல் முற்றுகை என்கிற அரைகுறை நடவடிக்கையை எடுத்தார்கள். அதன் ஒரே சிறப்பு, மாஸ்கோவுக்கு யோசிக்க அவகாசம் கொடுத்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது, செய்தி போன வேகம். சோவியத் தூதர் அனடோலி டொப்ரினின் பிற்பாடு நினைவுகூர்ந்தது இது: தூதரகத்தின் சங்கேதச் செய்தியை வாங்கிப்போக வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்திலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வருவானாம். அவன் வழியில் எங்கும் நிற்காமல் நேராகத் தந்தி அலுவலகத்துக்குப் போக வேண்டுமே என்று இவர்கள் வேண்டிக்கொண்டிருப்பார்களாம். உலகம் அழியுமா இல்லையா என்ற கேள்வி சைக்கிள் கேரியரில் போயிருக்கிறது. (மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் நேரடித் தொடர்பு வேண்டும் என்று அடுத்த ஆண்டே ஒப்பந்தம் போட்டார்கள்.) 27ஆம் தேதி, கியூபாவின் மேல் ஓர் அமெரிக்க உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்ட அன்று இரவு, அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி டொப்ரினினைத் தனியாகச் சந்தித்தார். கியூபாவை ஆக்கிரமிக்க மாட்டோம் என்று வெளிப்படையாக ஒரு வாக்குறுதி. துருக்கியில் உள்ள அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணைகள் சில மாதங்களில் போய்விடும் என்று ரகசியமாக இன்னொன்று. மறுநாள் சோவியத் தலைவர் குருஷ்சேவ் பின்வாங்குவதாக மாஸ்கோ வானொலி அறிவித்தது, 1963 ஏப்ரலில் ஜூபிடர்கள் சத்தமில்லாமல் அகற்றப்பட்டன. மிரட்டியதால் ரஷ்யர்கள் பயந்தார்கள் என்று அமெரிக்கர்கள் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

எதையாவது தடுத்திருக்கிறதா என்று கேட்டீர்களே, இங்கே தடுத்தது. ஆனால் தடுத்தவர்களே அதை வெளியே சொல்ல முடியாதபடி தடுத்தது. தோற்றுப்போன பேச்சுவார்த்தை போராக வெடித்துப் பாடப்புத்தகத்துக்குப் போய்விடுகிறது. வென்ற பேச்சுவார்த்தையில் பாதி, யாரோ ஒருவரின் மானத்தைக் காப்பதற்காக மறைக்கப்படுகிறது. ராஜதந்திரம் உதவாக்கரையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இழுத்தடிப்பதற்கு விலையே இல்லையா? இருக்கிறது, கொடூரமான விலை. கொரியாவில் போர்நிறுத்தப் பேச்சு 1951 ஜூலையில் தொடங்கியது. கையெழுத்தானது 1953 ஜூலை 27 அன்று. இரண்டு வருடம்! போர்முனை பெரிதாக நகரவேயில்லை, ஆனால் குன்றுகளுக்காகச் செத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது: ஊர் திரும்ப விரும்பாத போர்க்கைதிகளைக் கட்டாயப்படுத்தி அனுப்பலாமா, கூடாதா? நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்றிடம் அவர்களை ஒப்படைக்கலாம் என்ற வழியில்தான் முடிச்சு அவிழ்ந்தது. அதற்கு அடிபோட்டதில் 1952இல் ஐ.நா.வில் இந்தியா கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பங்குண்டு, ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவரும் ஜெனரல் திம்மய்யாதான். 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்ததும் உதவியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அது வெறும் போர்நிறுத்தம்தான். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை.

யாருடைய நேரம், யாருடைய செலவில் என்று கேட்காமல் இழுத்தடிப்பைப் புகழ முடியாது. 1938இல் மியூனிக்கில் ஹிட்லரோடு பேசி பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் வாங்கிய நேரத்துக்கு விலை செக்கோஸ்லோவாகியாவின் நிலம். அந்த நாட்டின் பிரதிநிதிகள் கூட்டத்துக்குள் விடப்படாமல் ஹோட்டலில் காத்திருந்தார்கள். பிரிட்டன் ஆயுதம் சேர்க்க அந்த ஒரு வருடம் உதவியது என்று இப்போதும் சிலர் வாதாடுகிறார்கள். ஹிட்லருக்கும் அதே ஒரு வருடம் கிடைத்தது, செக் ஆயுதத் தொழிற்சாலைகளும் கிடைத்தன.

மெலோஸுக்கு வருகிறேன். கி.மு. 416இல் ஏதென்ஸ் சொன்னதையே செய்தது: பிடிபட்ட ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. எல்லோரும் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், நீங்களும். பதினொரு வருடம் கழித்து ஏதென்ஸ் தன் கடற்படையை இழந்து முற்றுகையில் பட்டினி கிடந்தது. மெலோஸுக்குச் செய்தது தங்களுக்கு நடக்கப்போகிறது என்று நகரமே நடுங்கியது. பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய ஏதென்ஸ்காரர் தெரமினீஸ், எதிரி ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டரிடம் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டுமென்றே தங்கிவிட்டார். பசியில் தன் மக்கள் எந்த நிபந்தனைக்கும் தலையாட்டும் நிலைக்கு வரட்டும் என்று. இது துரோகமா, சாமர்த்தியமா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. ஸ்பார்ட்டாவின் கூட்டாளிகளான தீபஸும் கொரிந்தும் நகரத்தையே அழிக்கச் சொன்னபோது ஸ்பார்ட்டா மறுத்தது. மதில்களை இடி, பன்னிரண்டு கப்பல் தவிர மற்றதைக் கொடு, நாங்கள் சொல்கிறபடி நட என்பதோடு விட்டது. கருணையால் மட்டுமல்ல, ஏதென்ஸ் அழிந்தால் தீபஸ் வளர்ந்துவிடும் என்ற கணக்கும் இருந்திருக்கும். ஆனால் வலியவனுக்கும் இப்படிக் கணக்குகள் இருக்கின்றன, அவற்றைத் தெரிந்துவைத்திருப்பதுதான் தூதனின் தொழில்.

ஐ.நா. பற்றி அதிகம் சொல்ல இல்லை. எந்தத் தீர்மானத்தையும் தடுத்துவிடும் வீட்டோவை ஐந்து நாடுகளுக்குக் கொடுத்துவிட்டு, அந்த ஐந்தில் ஒன்று போருக்குப் போகும்போது ஏன் தடுக்கவில்லை என்று கேட்டால் என்ன செய்ய? அந்த ஐந்தும் வெளியேறிவிடாமல் ஒரே கூரைக்குள் இருக்கட்டும் என்றுதான் அது கட்டப்பட்டது.

உங்கள் சின்னக் கேள்விதான் எனக்குச் சுவாரஸ்யமானது. உறவு முறிந்ததும் மூன்றாவது நாடு ஒன்று இரு தரப்பின் சம்மதத்தோடு பொறுப்பேற்கும். எதிரி நாட்டில் மாட்டிக்கொண்ட குடிமக்களின் நலன், பூட்டிய தூதரகக் கட்டடம், போர்க்கைதிகளைப் பார்ப்பது, கடிதம் கொண்டுபோவது எல்லாம் அதன் வேலை. ஸ்விட்சர்லாந்து இதில் பழம்தின்று கொட்டை போட்டது. இரண்டாம் உலகப் போரில் 30க்கும் மேற்பட்ட நாடுகளுக்காக இதைச் செய்தது. 1945 ஆகஸ்டில் சரணடையத் தயார் என்ற ஜப்பானின் செய்தி அமெரிக்காவுக்குப் போனது ஸ்விஸ் தலைநகர் பெர்ன் வழியாகத்தான். ஈரானில் 1980 முதல் அமெரிக்காவின் நலன்களைப் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். 1971 போரில் இந்தியாவும் பாகிஸ்தானும் உறவை முறித்துக்கொண்டபோது இரண்டு நாடுகளுமே ஸ்விட்சர்லாந்தைத்தான் கேட்டன. 1976இல் தூதர்கள் திரும்பும்வரை இஸ்லாமாபாத்தில் இந்தியாவுக்காகவும் டெல்லியில் பாகிஸ்தானுக்காகவும் அவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள்.