உங்கள் பால் பைத்தான் (ball python) மலைப்பாம்பு இரை எடுக்கவில்லையா? முதலில் தொட்டியைப் பாருங்கள்

நான்கு அடிக் கண்ணாடித் தொட்டி, மேலே வலை மூடி, அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு). குளிர் தொடங்கியதிலிருந்து மூன்று வாரமாகப் பாம்பு எலியைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எடை குறையாத வரை மூன்று வாரம் பெரிய விஷயமில்லை, இந்த இனம் குளிர்காலத்தில் பட்டினி கிடக்கும். ஆனால் தொட்டியைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

ஹீட் மேட் தரையைத்தான் சுடவைக்கும், காற்றை அல்ல. இருக்கிற கொஞ்சம் சூடும் ஈரப்பதமும் வலை வழியே போய்விடுகின்றன. ஒரு ஓரத்தில், பாம்புக்கு எட்டாதபடி மேலே செராமிக் ஹீட்டர் (வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தருவது) வையுங்கள்; அதைச் சுற்றி இடம் விட்டு, மீதி வலையில் பெரும்பகுதியை அலுமினியத் தாளால் மூடுங்கள். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 அல்லது 26. ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. ஹீட் மேட்டை அது இல்லாமல் நேராக பிளக்கில் செருகியிருந்தால் இப்போதே பிடுங்கிவிடுங்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்; ஒரு நாள் பாம்பைத் தூக்கிப் பார்த்தால் வயிற்றுச் செதிலில் காசு அளவுக்குச் சிவந்து வெந்திருந்தது. சூடு தாங்காமல் அது நகர்ந்துவிடும் என்று நம்பாதீர்கள், நகராது. தெர்மோஸ்டாட்டின் சென்சாரை ஹீட் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒட்டுங்கள்.

அப்புறம், இரண்டு பக்கமும் உடம்பு உரசுகிற அளவுக்கு இறுக்கமான மறைவிடம் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் சுருண்டு கிடக்கிற பாம்பு அது. எல்லாம் வைத்த பிறகு ஒரு வாரம் கையில் எடுக்காமல் விட்டு, எலியை வெதுவெதுப்பாக்கிக் காட்டிப் பாருங்கள்.