‘கேப்ரிகா’வை முதலில் பார்க்கலாமா?

கேள்வி: பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற விண்வெளித் தொடரை முழுசாகப் பார்த்துவிட்டு, அதன் முன்கதையான கேப்ரிகாவையும் போன வாரம் முடித்தேன். இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் பார்க்க ஆசைப்படுகிறாள். “கலாக்டிகாவுக்கு 58 வருஷத்துக்கு முன்னாடி நடக்கிற கதைன்னா அதுதானே முதல்ல?” என்கிறாள். என் நண்பர்கள் இதில் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். எதை முதலில் காட்டுவது? எனக்கே இரண்டு சந்தேகங்களும் உண்டு. சைலான்கள் என்பது மனிதரோடு போரிடும் இயந்திர இனம். அவற்றில் மனித உடல் கொண்டவற்றை உருவாக்கியது ‘இறுதி ஐவர்’ என்ற ஐந்து பேர் என்று மூலத் தொடரான கலாக்டிகா சொன்னது. ஆனால் கேப்ரிகாவின் கடைசியில் அதன் நாயகி ஸோயிக்கு அப்படி ஓர் உடல் கிடைத்துவிடுகிறது. எது சரி? கலாக்டிகா கப்பலின் தலைவர் அட்மிரல் அடாமாவின் வயதும் எனக்குக் கணக்கில் வரவில்லை.

பதில்: முதலில் கலாக்டிகா, அப்புறம்தான் கேப்ரிகா. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கீழே இரண்டு தொடர்களின் முடிவுகளையும் உடைத்துப் பேசப் போகிறேன். ஆகவே இந்தப் பக்கத்தை மகள் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள்.

கலாக்டிகாவின் தொடக்கமாக 2003 டிசம்பரில் வந்த குறுந்தொடரின் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். விண்வெளியில் ஆளில்லாத ஒரு நிலையம். போர்நிறுத்தம் ஆனதிலிருந்து மனிதர் தரப்பில் ஓர் அதிகாரி ஆண்டுதோறும் அங்கே வந்து உட்காருகிறார். சைலான் தரப்பிலிருந்து யாருமே வருவதில்லை. 40 வருஷமாக இதுதான் வழக்கம். மேசைமேல் மனைவி, பிள்ளை படத்தை வைத்துவிட்டு, காத்திருந்து காத்திருந்து அவர் கண்ணயர்கிறார். எதிர்க்கதவு திறக்கிறது. இரண்டு இயந்திரச் சிப்பாய்கள் வந்து இருபுறமும் நிற்க, நடுவே சிவப்பு உடையில் ஒரு பெண் நடந்து வருகிறாள். மேசை விளிம்பில் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேரே குனிந்து, உனக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்கிறாள். இருக்கிறது என்கிறார். நிரூபி என்கிறாள்.

இனி கேப்ரிகாவின் கடைசி நிமிடங்கள். மெய்நிகர் உலகத்தில் ஒரு தேவாலயம். சிஸ்டர் கிளாரிஸ் பிரசங்கம் செய்கிறாள். எதிரே வரிசையாக உட்கார்ந்து கேட்பவர்கள் சைலான்கள். அவள் அவர்களிடம் எடுத்த எடுப்பில் கேட்பதும் அதே கேள்விதான்.

கலாக்டிகாவைப் பார்த்துவிட்டு இந்தக் காட்சிக்கு வருகிறவருக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். அந்தச் சிவப்பு உடைக்காரி அன்றைக்குக் கேட்டது அவளாக யோசித்த கேள்வி இல்லை. இயந்திரங்கள் பிறந்த புதிதில் ஒரு மனுஷி அவற்றுக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி அது. வரிசையை மாற்றிக் கேப்ரிகாவை முதலில் பார்த்தால், அது யாரோ ஒரு சாமியாரிணியின் சொற்பொழிவாகக் கடந்து போய்விடும். குறுந்தொடரின் முதல் காட்சியிலும், அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது என்ன என்ற பயம் போய்விடும். உங்கள் மகளுக்கு அந்தப் பயம் முழுசாகக் கிடைக்கட்டும்.

இந்தப் புராணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இழை கடவுள் விஷயம். கலாக்டிகாவில் மனிதர்கள் பல தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள்; சீயுஸ், அதீனா, அப்பல்லோ என்று கிரேக்கப் பெயர்கள். சைலான்களுக்கோ ஒரே கடவுள். இயந்திரத்துக்குக் கடவுள் எங்கிருந்து வந்தார்? நான்காவது சீசனில் ஒரு பதில் வருகிறது: ஐவர் வந்து சேர்வதற்கு முன்பே பழைய இயந்திரச் சிப்பாய்கள் ஒரே கடவுளை நம்பின என்று. சரி, அவற்றுக்கு யார் சொன்னார்கள்? இந்த ஒரு கேள்விக்கான பதில்தான் கேப்ரிகா. கேப்ரிகா என்ற அந்தக் கிரகத்திலேயே ஒரு சிறு கூட்டம் ஒரே கடவுளை ரகசியமாக வணங்குகிறது. ‘ஒருவரின் படைவீரர்கள்’ என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதில் சேருகிறார்கள். அவர்களில் ஒருத்தி ஸோயி கிரேஸ்டோன். அவளுடைய காதலன் ரயிலில் குண்டை வெடிக்கவைக்க, ஸோயியும் அதில் சாகிறாள். சாவதற்கு முன்பே தன்னைப் போல ஒரு நகலைக் கணினிக்குள் அவள் உருவாக்கி வைத்திருக்கிறாள். அப்பா டேனியல் அதை எடுத்து ரோபோவுக்குள் ஏற்றுகிறார். அந்த நகல் நம்புவதும் ஒரே கடவுளைத்தான். சைலான்களின் மதம் வானத்திலிருந்து இறங்கவில்லை, ஒரு பதினாறு வயசுப் பெண்ணின் மனசிலிருந்து வந்தது.

முதல் அத்தியாயத்தில் விசாரணை அதிகாரி ஒருவர் கிளாரிஸிடம் பேசும் இடத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். சரி எது, தவறு எது என்பதை, கேள்வியே கேட்க முடியாத ஒருவர் முடிவு செய்வார் என்பது உங்களுக்குப் பயமாக இல்லையா என்று அவர் கேட்கிறார். பல தெய்வ உலகத்தில் ஒற்றைக் கடவுள் எப்படிப்பட்ட ஆபத்தாகத் தெரிந்திருக்கும் என்பதை அந்த ஒரு உரையாடல் சொல்லிவிடுகிறது.

அந்த நகல் உருவாகும் விதத்தை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். மருத்துவமனை ஸ்கேன், மதிப்பெண் பட்டியல், மின்னஞ்சல், கடை பில், சினிமா டிக்கெட் என ஒரு மனுஷி விட்டுப்போன தடயங்களை எல்லாம் நிரல் தேடிச் சேர்க்கிறது. அவற்றிலிருந்து அந்த மனுஷியே எழுந்து வருகிறாள். இந்த முதல் அத்தியாயம் டிவிடியாக வந்தது 2009 ஏப்ரலில். இன்றைய பிள்ளைகளுக்கு இது நம்மைவிடச் சட்டென்று புரியும்.

நகலுக்கு உயிர் உண்டா என்று தொடர் வாதம் நடத்துவதில்லை, காட்சிகளாக வைத்துக் காட்டுகிறது. அதே குண்டுவெடிப்பில் ஜோசப் அடாமாவின் மகள் டமாராவும் போய்விடுகிறாள். டேனியல் அவளுக்கும் ஒரு நகல் செய்து அப்பாவை அதன் எதிரே நிறுத்துகிறார். அவள் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறாள். இதயம் துடிக்கவில்லை என்று அலறுகிறாள். ஜோசப் பதறிப் பின்வாங்குகிறார். மகளை இழந்த இரண்டு அப்பாக்களில் ஒருவர் நகலைப் பிள்ளையாகப் பார்க்கிறார், மற்றவருக்கு அது செய்யக் கூடாத காரியம். இன்னொரு காட்சியில், நிறுவனத்தின் இயக்குநர் குழு முன்னால் டேனியல் ரோபோவை நிறுத்துகிறார். உன் கையை நீயே பிய்த்தெறி என்கிறார். அது பிய்த்தெறிகிறது. களைப்பு தெரியாத, சம்பளம் கேட்காத ஓர் இனத்தையே விற்கலாம் என்று அவர் விளக்க, எல்லோரும் சொக்கிப்போகிறார்கள். உள்ளே இருப்பது அவருடைய மகள் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். பிற்பாடு நடந்த போரின் காரணத்தை இதைவிடத் தெளிவாக மூலத் தொடர்கூடக் காட்டியதில்லை என்பேன்.

இனி ஸோயியின் உடல். கேப்ரிகாவை அமெரிக்காவில் 2010 ஜனவரியில் ஒளிபரப்ப ஆரம்பித்து, பார்வையாளர்கள் போதவில்லை என்று அதே அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த ஐந்து அத்தியாயங்களையும் 2011 ஜனவரி 4 அன்று ஒரே நாளில் ஓட்டித் தீர்த்தார்கள். கடைசியில் வேகவேகமாக ஓடும் அந்தப் பின்கதையைப் பாருங்கள். தெருவிலும் வீட்டிலும் சைலான்கள் வேலை செய்வது, கிளாரிஸின் பிரசங்கம், ஜெமனான் கிரகத்தில் ஸோயியின் தோழி லேசியின் உயர்வு, தொட்டியிலிருந்து எழும் ஸோயி என்று அடுத்த சீசனுக்குப் போட்டுவைத்த முடிச்சுகள் அவை. அவிழ்ப்பதற்கு அடுத்த சீசன் வரவே இல்லை.

இருந்தாலும் மூலத் தொடரோடு இது நேரடியாக மோதவில்லை என்பது என் கருத்து. ஐவர் வருவதற்கு முன்பே இயந்திரங்கள் சதையில் உடல் செய்ய முயன்றன, தானாக உயிர் வாழக்கூடிய எதையும் அவற்றால் செய்ய முடியவில்லை, பாதி இயந்திரம், பாதி சதையான ‘ஹைப்ரிட்’ வரைதான் வந்தன என்று நான்காவது சீசனிலேயே சொல்கிறார்கள். இயந்திரங்களுக்கு எதற்கு இந்தச் சதை ஆசை என்பது அப்போது புரியாமல் இருந்தது. ஸோயிக்கு ஒரு உடல் கிடைத்ததை அவை பார்த்திருந்தால் அந்த ஆசைக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. அவளுடையது ஒரே ஒரு உடல், மனிதர்கள் செய்து கொடுத்தது. ஐவர் தந்ததோ செத்தால் நினைவு வேறு உடலுக்குப் போய் மறுபடி எழும் வித்தையும், அதைக் கொண்டு செய்த எட்டு மாதிரிகளும். இரண்டும் வேறு வேறு. இந்த இணைப்பு நானாகப் போட்டது, தொடரில் யாரும் இதைச் சொல்வதில்லை. ஆனாலும் காட்சிகள் எதையும் மறுக்காமல் நிற்கிறது.

அடாமா விஷயத்தில் அவ்வளவு சுலபமாக விடுபட முடியாது. கேப்ரிகாவின் கதை, சைலான்கள் மனித உலகங்களை அழித்த பேரழிவுக்கு 58 வருஷம் முன்னால் நடக்கிறது. அதில் வரும் ஜோசப் அடாமாவின் மகன் வில்லிக்கு வயது 11. அவன்தான் அட்மிரல் என்று நாம் நம்பிக்கொண்டிருக்க, கடைசி அத்தியாயத்தில் அவன் செத்துப்போகிறான். பிறகு பிறக்கும் தம்பிக்கு, அவர்களுடைய டாரன் கிரகத்து வழக்கப்படி, இறந்த அண்ணன் பெயரையே வைக்கிறார்கள். நம் அட்மிரல் அந்தத் தம்பி. செத்தவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு என்பதால், எனக்கு அந்த இடம் தந்திரமாகத் தோன்றவில்லை, மனசைத் தொட்டது. ஆனால் கணக்குப் போட்டால் இடிக்கும். சைலான்களோடு நடந்த முதல் போர் முடிந்தது பேரழிவுக்கு 40 வருஷம் முன்பு. 58-க்கு அப்புறம் பிறந்தவனுக்கு அன்று 18 வயதுகூட நிறைந்திருக்காது. ஆனால் ‘ரேஸர்’ படத்தில் போரின் கடைசி நாளிலேயே அவர் போர்விமானம் ஓட்டுகிறார். 2012-இல் வந்த ‘பிளட் அண்ட் குரோம்’ இன்னும் பின்னால் போய், போரின் பத்தாவது வருஷத்தில் அவரைப் பயிற்சி முடித்த வீரராகக் காட்டுகிறது. போர் 12 வருஷம் நடந்தது என்று வைத்தால் அன்று அவருக்கு 15, 16. எந்தப் பக்கம் இழுத்தாலும் சேராது. நான் சேர்க்கப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். யார் யாருக்குப் பிள்ளை, எந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்குக் கேப்ரிகாவை நம்புங்கள். வருஷக் கணக்குக்கு அதை நம்ப வேண்டாம்.

மகளுக்கான வரிசை இதோ. 2003 குறுந்தொடர் முதலில். சுமார் மூன்று மணி நேரம். பட்டியலில் இது தனியாகக் கிடப்பதால் பலர் கவனிக்காமல் சீசன் ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டு, ஒன்றும் புரியவில்லை என்பார்கள். அப்புறம் மூன்று சீசன்கள். நான்காவதற்குள் நுழையும் முன் ரேஸர். அதன் கதை இரண்டாவது சீசன் காலத்தில் நடந்தாலும், விமானி காராவைப் பற்றி அதில் வரும் எச்சரிக்கை நான்காவது சீசனுக்குத்தான் தேவை. தொடர் முடிந்த பிறகு ‘தி பிளான்’ படம், ஆர்வம் இருந்தால் மட்டும். ஒரு வாரம் இடைவெளி விட்டுக் கேப்ரிகா. பிளட் அண்ட் குரோமைக் கடைசியில் ஒரு சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

தொடக்கப் பாடலில் காயத்ரி மந்திரம் ஒலிப்பதை அவளே கண்டுபிடிக்கட்டும், சொல்லிவிடாதீர்கள். கதையில் மனிதர்கள் வாழும் பன்னிரண்டு கிரகங்களும் பன்னிரண்டு ராசிகள் என்பதையும் அப்படியே விடுங்கள். கேப்ரிகா மகரம், டாரன் ரிஷபம், ஜெமனான் மிதுனம் என்று ஒன்று பிடிபட்டால் மற்றதைத் தானே அடுக்கிவிடுவாள்.

ஒன்றை மட்டும் நீங்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கலாக்டிகாவின் இரண்டாவது சீசனில் பெகாசஸ் கப்பல் வரும் அத்தியாயத்தில், கைதியாக இருக்கும் பெண் மீதான பாலியல் வன்முறை வருகிறது. கேப்ரிகா ஆரம்பிப்பதே ஒரு மெய்நிகர் கிளப்பில், நரபலியும் காமமுமாக. இரண்டையும் நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பதால் எந்த இடம் என்று தெரியும். அந்த நாட்களில் நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள், முடிந்ததும் உடனே அடுத்த அத்தியாயத்தைப் போடாமல் அவளைப் பேச விடுங்கள்.