அரசுக்கு ஆணிவேர் கடவுளா, குடிமக்களா? வாசகர் கேள்வி–பதில்

நம் அரசியலமைப்பின் முகப்புரையில் கடவுள் பெயர் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி அன்றைக்கு யாருமே கேட்கவில்லையா?
– வாசகர், மதுரை

கேட்டார்கள். அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் 1949 அக்டோபர் 17 அன்று முகப்புரை விவாதத்துக்கு வந்தபோது, 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என உறுப்பினர் எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். நம்பிக்கை விஷயத்தில் இது கட்டாயப்படுத்துவதாகிவிடாதா என்று திருவிதாங்கூரைச் சேர்ந்த பட்டம் தாணு பிள்ளை கேட்டார். ஒவ்வொருவர் மனத்தோடும் ஒட்டிய ஒன்றில் சபையின் முடிவைப் பிறர்மீது திணிக்கலாகாது என்றார் எச்.என். குன்ஸ்ரு. இதை ஓட்டுக்கு விட வேண்டாம் என்று பூர்ணிமா பானர்ஜி கெஞ்சியும் காமத் விடவில்லை. ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் தோற்றது.

இது நாத்திகத்துக்குக் கிடைத்த வெற்றி என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. அரசின் அதிகாரம் 'இந்திய மக்களாகிய நாம்' என்பதிலிருந்து வருகிறது என்று சபை முடிவு செய்தது. கடவுளை அவரவர் மனசாட்சிக்கு விட்டது. 'மதச்சார்பற்ற' என்ற சொல் 1976-இல் 42-ஆவது திருத்தத்தில்தான் ஏறியது. அதை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பர் 25-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சட்டமன்றத் தேர்தலில் நிற்கப்போகிறேன். உறுதிமொழியில் கடவுள் பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமா?
– வாசகர், திருவாரூர்

வேண்டாம். அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் இரண்டு வழிகள் இருக்கின்றன: 'கடவுள் பெயரால் ஆணையிட்டு' அல்லது 'உளமார உறுதி கூறி'. இரண்டுக்கும் ஒரே மதிப்பு. எதைச் சொன்னீர்கள் என்று பின்னால் யாரும் குறை காண முடியாது. மூன்றாவது வழி மட்டும் கிடையாது. கேரளத்தில் ஓர் உறுப்பினர் நாராயண குருவின் பெயரால் உறுதிமொழி எடுத்தார். அது செல்லாது என்று 2003-இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறையாக உறுதிமொழி எடுக்காமல் அவையில் உட்கார்ந்தால் 193-ஆவது பிரிவின்படி நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம்.

வேட்புமனு அடிபடுவது பெரும்பாலும் வாசகத்தால் அல்ல, நேரத்தால். ஜெயித்த பிறகு எடுப்பது வேறு. வேட்பாளராகவும் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். வேட்புமனு தாக்கல் செய்த பிறகுதான் அதை எடுக்கலாம். பரிசீலனை நாளுக்கு முந்தைய நாளுக்குள் முடித்துவிட வேண்டும். பரிசீலனை அன்று காலையில் போய் நின்றால் மனு தள்ளுபடிதான். மனுவைக் கொடுத்த கையோடு தேர்தல் நடத்தும் அலுவலர் முன்பாகவே வாசித்துக் கையெழுத்துப் போட்டு, சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். சிறையில் இருப்பவர் கண்காணிப்பாளர் முன்பாகவும், மருத்துவமனையில் இருப்பவர் தலைமை மருத்துவர் முன்பாகவும் எடுக்கலாம்.

நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர் கீதை மேல் கை வைக்க வேண்டுமா?
– வாசகி, சேலம்

அது சினிமா வழக்கம். 1969-ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டம் எந்த நூலையும் கேட்பதில்லை. இங்கும் அதே இரண்டு வாசகங்கள்தான்.

மதச்சார்பற்ற அரசு கோயிலை ஏன் நிர்வகிக்கிறது? எங்கள் ஊர்க் கோயில் கணக்கை நான் பார்க்க முடியுமா?
– வாசகர், கும்பகோணம்

நியாயமான கேள்வி. வழிபாட்டுரிமையைத் தரும் அரசியலமைப்பின் அதே 25-ஆவது பிரிவுதான், மதத்தோடு ஒட்டிய பொருளாதார, நிதி நடவடிக்கைகளை ஒழுங்குபடுத்தவும் அரசுக்கு இடம் தருகிறது. சமயத்துக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே கோடு எங்கே போடுவது? 1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் காட்டியது: சுவாமிக்கு எப்போது என்ன நைவேத்தியம் என்பது சமயம், நிலம், குத்தகை, வரவு செலவு என்பது நிர்வாகம். சென்னை மாநில அறநிலையச் சட்டம் கோயில்களிடம் வருமானத்தில் 5 சதவீதம் வரை வசூலித்ததையும் அது ரத்து செய்தது. பணம் அரசின் பொது நிதியில் கலந்ததால் அது கட்டணம் அல்ல, வரி என்றது. பிறகு தனி நிதி வைக்கும்படி சட்டம் திருத்தப்பட்டது. 1972-இல் சேஷம்மாள் வழக்கிலும் இதே கோடுதான்: அர்ச்சகரை நியமிப்பது நிர்வாகம், ஆனால் ஆகமத்தை மீறக் கூடாது. நடைமுறையில் இந்தக் கோடு அடிக்கடி அழிகிறது. அதைக் காப்பாற்றப் பக்தர்கள் கணக்குக் கேட்டே ஆக வேண்டும்.

கேட்கும் வழி எளிது. அறநிலையத் துறையின் மண்டல இணை ஆணையர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். கோயில் கணக்கு ஏப்ரலில் தொடங்காது, ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டில் ஓடும். '2024–25' என்று பொதுவாக எழுதினால் அப்படியொரு கணக்கு இல்லை என்று திருப்பிவிட இடம் கொடுத்ததாகும். 'பசலி 1434 (1.7.2024 முதல் 30.6.2025 வரை), தணிக்கை அறிக்கை நகல்' என்று எழுதுங்கள். தணிக்கைத் தடைகளுக்கு (தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபங்களுக்கு) நிர்வாகம் கொடுத்த பதிலையும் சேர்த்துக் கேளுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கும்.

குமரி மாவட்டக் கோயில்களுக்கு அரசியலமைப்பிலேயே பணம் ஒதுக்கியிருப்பது உண்மையா?
– வாசகி, தக்கலை

உண்மை. 290-ஏ பிரிவின்படி தமிழ்நாடு ஆண்டுக்கு 13,50,000 ரூபாயும், கேரளம் 46,50,000 ரூபாயும் கோயில் பராமரிப்புக்கான தேவசம் நிதிகளுக்குத் தர வேண்டும். திருவிதாங்கூர் அரசு பழைய காலத்தில் கோயில் நிலங்களைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. அந்தப் பொறுப்பைத்தான் 1956 நவம்பர் 1-இல் எல்லை பிரிந்தபோது இரண்டு மாநிலங்களும் பகிர்ந்துகொண்டன. இதைச் சலுகை என்பதைவிடப் பழைய கடன் என்பதே பொருத்தம். இந்தத் தொகைக்குச் சட்டமன்றத்தில் ஓட்டெடுப்புக் கிடையாது. அன்று எழுதிய எண்ணிக்கை அப்படியே நிற்கிறது. அந்த வரியை மாற்ற அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். அதற்கு மேல் கொடுக்க நினைத்தால் மாநில அரசு தன் பட்ஜெட்டில் தனியாக ஒதுக்கலாம்.