தேவாலயச் சுவரும் கரைவலையும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு தனுஷ்கோடி வந்தோம். சினிமாப் பாடல்களில் அந்த இடிந்த தேவாலயத்தைப் பார்த்துப் பார்த்து, அதன் முன்னால் ஒருமுறை நிற்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. படத்தில் வருவதுபோலவே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சங்கு விற்ற அம்மா ஒருவர், "எங்க ஆளுக செத்த இடம் தாயி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் திரும்பும் வழியெல்லாம் காரில் யாரும் பேசவில்லை. சினிமா பார்த்துவிட்டு ஓர் ஊருக்குப் போவதே தவறா?

வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

தவறே இல்லை. கேரளத்தின் பேக்கல் கோட்டையில் 'பம்பாய்' படத்தின் 'உயிரே' பாடலை நினைத்துக்கொண்டு மழையில் நின்றவன்தான் நானும். கொடைக்கானலில் 'டெவில்ஸ் கிச்சன்' என்றிருந்த பாறைப் பிளவு, 1991இல் வந்த படத்துக்குப் பிறகு எல்லோருக்கும் குணா குகையாகிவிட்டது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்ததும் மறுபடி அங்கே கூட்டம். சினிமா கைகாட்டினால் ஜனம் போகத்தான் செய்யும்.

என் வருத்தம் வேறு. பாட்டில் வரும் தனுஷ்கோடியில் மணல் இருக்கிறது, சுவர் இருக்கிறது, ஆள் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு வரை அது தபால் நிலையமும் பள்ளிக்கூடமும் ரயில் நிலையமும் உள்ள ஊர். போட் மெயில் ரயிலில் வந்து இறங்கி, கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் போனார்கள். அன்றிரவுப் புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. அதன் பிறகும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டு அங்கேயே இருக்கின்றன. இரண்டு பக்கமும் உப்புக் கடல். நடு மணலில் கையால் ஊற்றுத் தோண்டினால் குடிக்க நல்ல தண்ணீர். இதை எந்தப் பாட்டிலும் நான் பார்த்ததில்லை.

2017இல் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை சாலை வந்தது. அதற்கு முன்பெல்லாம் மணலில் ஓடும் வேன்தான். வண்டி ஓட்டுகிறவர் உள்ளூர்க்காரர்; குலுங்கிக் குலுங்கிப் போகிற நேரமெல்லாம், தன் அப்பா எந்த மேட்டில் ஏறிப் பிழைத்தார் என்று சொல்லிக்கொண்டே வருவார். இப்போது கார் நேரே முனைக்குப் போய்த் திரும்பிவிடுகிறது. அந்தக் கதையைச் சொல்ல வேண்டியவர்கள் சாலையோரத்தில் சங்கு விற்கிறார்கள்.

இன்னொரு பயமும் உண்டு. தாய்லாந்தின் மாயா விரிகுடா, 2000இல் ஒரு படம் வந்த பிறகு, கூட்டம் தாங்காமல் பவளப்பாறைகள் சிதைந்து, 2018இல் மூடப்பட்டது. 2022இல்தான் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். நம் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியும் இருப்பது பவளப்பாறைதான்.

அந்த அம்மா உங்கள் மகளை விரட்டவில்லை. படம் சொல்லாமல் விட்டதைச் சொல்லியிருக்கிறார். மறுபடி வாருங்கள், காலையில், கடலில் விரித்த கரைவலையைக் கரையில் நின்று இழுக்கிற நேரத்துக்கு. தெற்கே, சீற்றம் மிகுந்ததால் 'ஆண் கடல்' என்கிற பக்கத்தில் மட்டும் பிள்ளையை இறங்க விடாதீர்கள். அந்த அம்மாவின் கடையில் உட்கார்ந்து, அந்தப் புயலன்று அவர் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள்.