யானைக்கு ஒரு காடு, வண்டிக்கு மூன்று கணக்கு

அன்புள்ள ஐயா,

மே மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனோம். கல்லாறு சோதனைச்சாவடியில் இ-பாஸ் பார்ப்பதற்கே ஒரு மணி நேரம் ஆனது. ஊட்டி, வயநாடு, பந்திப்பூர் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கின்றன? மூன்று மாநிலமும் சேர்ந்து சுற்றுலாவை நடத்தினால் என்ன? காசு கொடுத்து வருகிறவர்களை இப்படியா நடத்துவது?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

பிள்ளைகளோடு வெயிலில் நின்றது கஷ்டம்தான். ஆனால் 'காசு கொடுத்து வருகிறவர்கள்' என்று இனிமேல் எழுதாதீர்கள். அந்தக் காசு விடுதிக்குப் போனது. காட்டை யாரும் உங்களுக்கு விற்கவில்லை.

இ-பாஸ் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஊட்டிக்கு வார நாட்களில் நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று 2025இல் உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. மலை தாங்கவில்லை, வைத்தார்கள்.

மூன்று மாநிலமும் சேர்வதைப் பற்றிக் கேட்டீர்களே, சில நாளாக என் மனதில் ஓடுவதும் அதுதான். என் மாமா லாரி ஓட்டினார். ஊட்டி கேரட்டை ஏற்றிக்கொண்டு கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர் வழியாக ராத்திரியோடு ராத்திரியாக மைசூர் போய்விடுவார். பள்ளி விடுமுறையில் நானும் ஏறிக்கொள்வேன். ஒரு ராத்திரி புள்ளிமான் ஒன்று குறுக்கே பாய்ந்து அடிபட்டது. மாமா ரோட்டில் உட்கார்ந்து, அதன் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் விட்டார். வாயோரம் வழிந்துவிட்டது. குண்டலுப்பேட்டை வரை அவர் பேசவே இல்லை.

2009இல் பந்திப்பூர் ரோட்டை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியபோது, பிழைப்பு போச்சே என்று திட்டியவரும் அவர்தான். கொஞ்ச நேரம் கழித்து, "மானுக்காவது ராத்திரி கிடைச்சுதே" என்றார்.

பந்திப்பூர் வழியாகப் போகும் வயநாட்டு ரோட்டுக்கும் அதே தடைதான். அதை எதிர்த்து 2019இல் வயநாட்டு சுல்தான் பத்தேரியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். வயநாட்டுக்காரர்களுக்கு அந்த ரோடு அன்றாடம் போய்வரும் வழி, அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1986இல் அறிவித்த நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் மூன்று மாநிலத்திலும் சேர்ந்தாற்போல 5,520 சதுர கிலோமீட்டர். முதுமலை யானை தண்ணீர் தேடி எல்லையைத் தாண்டிப் போகிறது. வண்டிகளை மட்டும் ஆளுக்கு ஒரு பக்கம் எண்ணுகிறோம். இங்கே பாஸ் கிடைக்காதவர் வயநாட்டுக்குத் திருப்பினால், வயநாட்டுக்கு ஏறும் தாமரச்சேரி மலைப்பாதையில் போய் நிற்பார். அதைக் கூட்டம் குறைந்தது என்று சொல்லிக்கொள்வதா?

சேர்ந்து விளம்பரம் செய்வது, பேக்கேஜ் போடுவதெல்லாம் அப்புறம். மூன்று அரசும் முதலில் ஒரு மேசையில் உட்கார்ந்து, மே மாதத்தில் இந்தக் காட்டைச் சுற்றி மொத்தம் எத்தனை வண்டி என்று ஒரே எண்ணாகச் சொல்லட்டும். அந்த எண்ணில் உங்கள் கார் வராமல் போகலாம், எஸ். அந்த வருஷம் ஏற்காட்டுக்குப் போங்கள்.